இறங்கித் தள்ளவும்

சிம்பாங் ரெங்கத்தைவிட்டு வெளியேறும் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஓட்டியிருக்கலாம், சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. பிலோமினா அக்கா கேட்டைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி மிதித்தால் தப்பி ஓடுவது போலத் தெரியும் என்று நடந்தேன். தெரு முனையில் திரும்பியதும் ஏறினேன். அரைக் கிலோமீட்டர் போயிருப்பேன், கால் ஓடவில்லை. மறுபடியும் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

பின் கேரியரில் அவர் கட்டிக் கொடுத்த பொட்டலம் இருந்தது. ஆறு இடியப்பம், தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை. "வழியில பசிக்கும் தம்பி, வச்சிக்குங்க" என்று கொடுத்திருந்தார். அவருடைய கணவரின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அது ஏன் உடைந்தது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வெயில் முடிந்து மழைக்கு முந்திய புழுக்கம். இந்த ஜொகூர் மாநிலத்தில் மத்தியானம் ஆனால் வானம் கறுக்கும். எங்கள் விருதுநகர்ப் பக்கம் வானம் கறுத்தால் ஆட்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். இங்கே துணியை எடுக்கப் போவதோடு சரி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பூகோளப் பரீட்சையில் இந்தியப் படம் வரைந்து இலங்கையை வங்காள விரிகுடா நடுவில் கொண்டுபோய் வைத்ததற்கு அடி வாங்கியிருக்கிறேன். அச்சகம், லாரி, ஓட்டல், கப்பல் உடைக்கும் இடம் என்று எதிலும் இரண்டு வருடம் நிலைத்ததில்லை. பத்து வருடங்களாகச் சைக்கிளில் ஊர் சுற்றுகிறேன். ஓட்டிய வழிகளைக் கைப்பேசியில் ஒரு வரைபடச் செயலியில் சேமித்து வைப்பேன். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தங்கள் கைப்பேசியில் போட்டுக்கொண்டு அதே கோட்டில் போகலாம். கோட்டோடு குறிப்பும் எழுதலாம்: இங்கே தண்ணீர் கிடைக்கும், இங்கே நாய் துரத்தும். முன்பின் தெரியாதவர்கள் "உங்கள் வழியில் போனேன், அருமை" என்று எழுதுவார்கள். பூகோளத்தில் அடி வாங்கியவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றவர்களுக்குப் புரியுமா, தெரியவில்லை.

இந்த முறை வந்தது ஒரு ஜாதகக் கட்டைக் கொடுக்க. எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரரின் தங்கை இங்கே தெற்கே பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறார். படமெடுத்து அனுப்பிய ஜாதகத்தில் பொருத்தம் பார்க்க மாட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் சொல்லிவிட்டாராம். மஞ்சள் தடவிய அசல் தாள்தான் வேண்டுமாம். மளிகைக்கடைக்காரர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை கட்டைக் கொடுத்தேன். அந்தம்மா சோறு போட்டு, "சைக்கிள்லயா சுத்தறீங்க? இந்த வெயில்லயா? காடி ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டார். இங்கே கார் என்றால் காடி. தெரியும் என்றேன். அதற்குமேல் அவருக்கு என்னிடம் கேட்க ஒன்றுமில்லை.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வடக்கே வந்தது குணா கூப்பிட்டதால்.

குணா சிம்பாங் ரெங்கம்காரர், முப்பத்தைந்து வயது, ஒரு பலகைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஊரில் ஒரு சைக்கிள் குழு வைத்திருக்கிறார்கள். ஆலை வேலைக்காரர்கள், இரண்டு ஆசிரியைகள், ஒரு முடிதிருத்துபவர் என்று இருபது பேருக்கு மேல். நான் போன வருடம் இந்தப் பக்கம் சுற்றியபோது சேமித்த 'செம்பனைத் தோட்டத்து உள்வழி' அவர்களுக்குப் பிடித்துப்போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதில் போவதாக முடிவு செய்திருந்தார்கள். "நீங்களே வந்துட்டீங்கன்னா வேற லெவல்லா அண்ணே" என்று குணா செய்தி அனுப்பினார். வந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தோணி அண்ணன் வீட்டில் எனக்கு விருந்து.

வெள்ளிக்கிழமை என்பதால் அந்த வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை. புளி போட்ட மீன் கறி, வறுத்த நெத்திலி, கங்கோங் கீரை. வாசலில் மாதா படம். அதன் கீழே ஒரு பழைய பெரிய சைக்கிள் சாத்தியிருந்தது. அதன் கேரியரில் மூடி போட்ட மரப்பெட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹாரன். அந்தோணி அண்ணன் தினமும் விடியற்காலையில் அந்தப் பெட்டியில் இடியப்பம் ஏற்றிக்கொண்டு வீடுவீடாக விற்கிறவர். அக்கா பிழிவார், அண்ணன் விற்பார். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லா வீட்டுக்கும் போவார். ஐம்பத்தேழு வயது, ஒல்லி, கெண்டைக்கால் மட்டும் முறுக்குக் கயிறு மாதிரி இருக்கும்.

குணா என்னிடம் அவரை அறிமுகம் செய்து வைத்தார்.

"அண்ணே, இவருதான் எங்க பழைய ரூட் மாஸ்டர். இருவது வருசமா இவரு முன்னுக்குப் போவாரு, நாங்க பின்னுக்குப் போவோம். புதன்கிழமை என்னா செஞ்சாரு தெரியுமா? உங்க ரூட்ட செக் பண்றேன்னு தனியா கெளம்பிப் போயி, இருக்கற பாலத்த விட்டுட்டு வாய்க்கால்ல எறங்கி நீச்சல் அடிச்சிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் மாவுக்கட்டு எதனால் என்று எனக்குத் தெரிந்தது. எந்த வாய்க்கால் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தோணி அண்ணனுக்கு ஒரு வழக்கம். எந்த வழியில் ஆட்களைக் கூட்டிப் போவதானாலும், அதற்கு முன் தான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். பத்துத் தடவை போன வழியானாலும் போவார். மரம் விழுந்திருக்கும், நாய் புதிதாய் வந்திருக்கும் என்பார். அப்படித்தான் போயிருக்கிறார்.

"பாலம் இல்ல குணா" என்றார் அவர், இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அலமாக்! எழுதியிருக்குலா. 'பாலம் உண்டு. இறங்கித் தள்ளவும்.' நீங்க எறங்காம ஓட்டிருப்பீங்க."

"எறங்கித்தான் தள்ளுனேன்."

"எறங்கித் தள்ளுனவரு எப்டி விழுவாரு?"

"பனைமரம் ஒன்னு குறுக்க கெடந்துச்சு. அதத்தான் பாலம்னு சொல்றாங்களோன்னு கால வச்சேன். உள்ள உளுத்துப் போயிருந்துச்சு."

"அண்ணன் ரூட்ட விட்டு வெலகிட்டாரு" என்று குணா மற்றவர்களுக்கு விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓட்டுனவரே இங்க உக்காந்திருக்காரு, கேட்டுட்டாப் போச்சு. சொல்லுங்கண்ணே, பாலம் இருக்கா இல்லியா?"

என் வாயில் மீன் முள் இருந்தது. அதை எடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

"மழைக்காலத்துல எதாச்சும் மாறியிருக்கலாம்" என்றேன்.

"பாத்தீங்களா? இந்த அண்ணன் மரியாதைக்குச் சொல்றாரு" என்றார் குணா.

அந்தோணி அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை. யோசித்தார். "அப்ப நான்தான் வழி மாறிட்டேன் போலருக்கு. வயசாச்சுல்ல" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். அக்கா அவர் தட்டில் முள் எடுத்த மீனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை குணா முன்னால் போவது என்றும், அந்தோணி அண்ணன் வீட்டில் ஓய்வெடுப்பது என்றும் பேச்சு முடிந்தது.

இந்தச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஞாயிறு அவர்களோடு வர முடியாது, தங்காக்கில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்காக்கில் எனக்கு யாரையும் தெரியாது.

தங்காக் என் வாயில் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்த உள்வழிக்கான கோட்டை நான் வரைந்தது தங்காக்கில்தான்.

போன வருடம் அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் பாதி வரைக்கும் உண்மையாகவே ஓட்டினேன். பிறகு மழை பிடித்தது. செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பிரேக் வரைக்கும் அடைத்துவிட்டது. பழம் ஏற்றிய லோரி ஒன்று வந்தது, கையைக் காட்டினேன், சைக்கிளைக் குலைகளுக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். சுற்றுவழியில் பெரிய சாலைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். மீதியைத் தார்ச் சாலையில் ஓட்டினேன். நான்கு நாள் கழித்துத் தங்காக்கில் ஒரு துணிக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது கைப்பேசியைத் திறந்தேன். என் கோட்டின் நடுவே மூன்று கிலோமீட்டர் ஓட்டை. பார்க்க அசிங்கமாக இருந்தது. மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரவரிசைக்கு நடுவே பாதை தெரிந்தது. ஒரு வாய்க்கால் தெரிந்தது. அதன் குறுக்கே நகக்கீறல் அளவு ஒரு கோடு தெரிந்தது. பாலம் என்று வைத்துக்கொண்டேன். பாதை இருக்கிற இடத்தில் செயலியே கோட்டை ஒட்டிக்கொண்டு போனது. வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒட்டவில்லை. விரலால் இழுத்தேன்.

சேமிக்கும்போது செயலி கேட்டது: இது நீங்கள் ஓட்டிய வழியா, திட்டமிட்ட வழியா? ஓட்டியது என்று தொட்டேன். திட்டமிட்ட வழிகளை யாரும் சீண்டுவதில்லை.

அதோடு நிற்கவில்லை. அந்த நகக்கீறலின் மேல் ஒரு குறி வைத்து எழுதினேன்: பாலம் உண்டு. இறங்கித் தள்ளவும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண்மணியின் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினேன். தே தாரிக் சொன்னேன். அவர் ஆற்றி ஆற்றி நுரை ஏற்றிக் கொடுத்தார். நம் ஊர் டீக்கடைக்காரர் பார்த்தால் பாதித் தண்ணீர் என்பார். அங்கே உட்கார்ந்து அந்த வழியைத் திறந்து, 'ஓட்டியது' என்பதைத் 'திட்டமிட்டது' என்று மாற்றினேன். பாலக் குறிப்பை அழித்தேன். மனசு இலேசானது போலிருந்தது. அக்காவின் பொட்டலத்தைப் பிரித்தேன்.

இரண்டாவது இடியப்பத்தில் ஞாபகம் வந்தது. மத்தியானம் குணா தன் சைக்கிள் கைப்பிடியில் இருந்த சின்னக் கருவியைக் காட்டியிருந்தார். "எல்லாம் எறக்கி வச்சாச்சுண்ணே. உள்ள லைன் கெடைக்காதுல்ல, அதான். எல்லாருக்கும் போட்டுக் குடுத்துட்டேன்." இறக்கி வைத்தது இறக்கி வைத்ததுதான். நான் இங்கே எதை அழித்தாலும் அங்கே அழியாது. இருபது பேரின் சைக்கிளில் என் பாலம் பத்திரமாக இருந்தது.

குணாவுக்குச் செய்தி எழுதினேன். "அந்த வாய்க்காலைத் தவிர்க்கவும், மழையால் சேறாக இருக்கலாம்." அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "கவலப்படாதீங்கண்ணே, எறங்கித் தள்ளிருவோம்" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்று.

உண்மையை எழுதியிருக்கலாம். பத்துச் சொல்தான். கடைக்காரம்மா வந்து, சாப்பாடு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். அது உங்கள் சாப்பாடு இல்லை, வேறு வீட்டுச் சாப்பாடு என்று சைகையில் சொன்னேன். "அப்படியானால் நல்ல வீடு" என்றார்.

அன்று ஒரு தோட்டத்துக் கோயில் கூடத்தில் படுத்தேன். கோயில்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் பாயும் கொசுவத்தியும் கொடுத்தார். நல்லவர்களாகவே வந்துகொண்டிருந்தார்கள். அது ஒரு தொந்தரவு.

சனிக்கிழமை காலை எழுந்து வடக்கே தங்காக் பக்கம் போகவில்லை. அந்த வாய்க்காலுக்குப் போனேன். போய்ப் பார்த்தால் ஒருவேளை பாலம் இருக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அந்தோணி அண்ணன் உண்மையாகவே வழி மாறியிருக்கலாம், நான் வரைந்தது தற்செயலாகச் சரியாக இருக்கலாம். அவர் தவறியிருக்க வேண்டும் என்று ஏழு கிலோமீட்டர் வேண்டிக்கொண்டே மிதித்தேன். இதை எழுதவே கூசுகிறது.

செம்பனை மட்டையின் முள் பின் டயரில் ஏறியது. பஞ்சர் ஒட்டினேன். மறுபடி ஒன்று ஏறியது. ஒட்டுத் துண்டு தீர்ந்துவிட்டது. மிச்ச தூரம் தள்ளினேன். மரவரிசை, மரவரிசை, மரவரிசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இடத்தில் நிற்பது போலிருக்கும். எங்கள் பக்கம் வெட்டவெளியில் அடுத்த ஊர் கோபுரம் தெரியும், வழி தெரியாதவனும் அதைப் பார்த்து நடந்துவிடலாம். இங்கே கோட்டை நம்பித்தான் ஆக வேண்டும்.

வாய்க்கால் வந்தது. இரண்டு ஆள் உயர அகலம், செங்குத்தான கரை, கீழே தேநீர் நிறத்தில் தண்ணீர். பாலம் இல்லை. சாய்ந்து கிடந்த ஒரு பனைமரத்தின் நடுப்பகுதி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. உடைந்த இடம் ஈரப் புகையிலை மாதிரி இருந்தது.

கரையில் புதிதாய் வெட்டிப்போட்ட மட்டைகள் அடுக்கியிருந்ததால் அவற்றின் கீழே மண் மழையில் கரையாமல் இருந்தது. ஒரு மட்டையைத் தூக்கினேன். சைக்கிள் டயரின் தடம் தெரிந்தது. அதன் இடப்பக்கத்தில் காலணித் தடம், ஒன்று மாற்றி ஒன்று, சின்னச் சின்ன எட்டாக. தள்ளிக்கொண்டு வந்த ஆளின் தடம். எழுதியிருந்தபடியே அவர் இறங்கித் தள்ளியிருக்கிறார். தண்ணீர்ப் போத்தல் ஒன்று கீழே சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

மோட்டாரில் ஒருவர் வந்தார். இந்தோனேசியர், பழம் வெட்டுகிறவர். நீளக் கம்பில் அரிவாள், பக்கவாட்டில் ஒரு நீளப் பலகை கட்டியிருந்தார். இங்கே பாலம் இருந்ததா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"பாலமா? நான் வேலைக்கு வந்ததிலிருந்து இல்லை. அதோ இருக்கிறதே, அதுதான் பாலம்" என்று பலகையைக் காட்டினார். "போட்டுக் கடப்பேன், திரும்பும்போது எடுத்துக்கொண்டு போவேன். விட்டுவிட்டுப் போனால் பழம் திருடுகிறவன் கடப்பான்." பிறகு அவராகவே சொன்னார்: "மூன்று நாள் முன்பு ஒரு பெரியவர் விழுந்து கிடந்தார். நான்தான் தூக்கினேன். கையைப் பிடித்துக்கொண்டு, 'பாலம் எங்கே, பாலம் எங்கே' என்று என்னையே கேட்டார். வலியில் உளறுகிறார் என்று நினைத்தேன்."

கரையில் இறங்கினேன். போத்தலை எடுத்தேன். தொடை வரை சேறு இழுத்தது. பழம்வெட்டி பலகையை நீட்டி என்னை மேலே ஏற்றினார்.

திரும்பி வர ஒரு தமிழர் தன் சின்ன லோரியில் ஏற்றிக்கொண்டார். என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு, இருக்கையில் செய்தித்தாளை விரித்தார்.

"எங்கலா போய்ப் பொரண்டீங்க? மீன் புடிச்சீங்களா?"

"வழி பாக்கப் போனேன்."

"போன்ல இருக்குமே வழி?"

"அதுல தப்பா இருக்கு."

"அப்ப போட்டவன ஒதைக்கணும்" என்றார் அவர், சர்வ சாதாரணமாக. பிறகு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை சவாரி என்பதால் பூசைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு அந்தோணி அண்ணன் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். வாழைப்பழம் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். குணா சங்கிலிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்தோணி அண்ணன் ஓரமாக நாற்காலியில். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

"அண்ணே! தங்காக் போகலியா? என்னா இது, எரும மாதிரி சேத்துல பொரண்டு வந்திருக்கீங்க?" என்றார் குணா.

நான் போத்தலை அந்தோணி அண்ணன் மடியில் வைத்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அங்க பாலம் கெடையாது. எப்பவும் கெடையாது. நான் அந்த மூணு கிலோமீட்டர் ஓட்டவே இல்ல. லோரில ஏறிப் போயிட்டேன். அப்புறம் உக்காந்து போன்ல வரைஞ்சேன். அண்ணன் வழி மாறல. நான் எழுதுன வழியிலதான் போயிருக்காரு."

எண்ணெய்க் குப்பி குணாவின் கையில் சாய்ந்து ஒழுகியது.

"போகவே இல்லியா?"

"இல்ல."

"நேத்து நான் கேட்டேன்ல? இதே எடத்துல உக்காந்து கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"இருவது பேர நான் கூட்டிப் போயிருப்பேன். டீச்சரு மகளையும் கூட்டிட்டு வர்றாங்க..." அவர் முடிக்கவில்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தோணி அண்ணன் பக்கம் திரும்பினார். "சாரி அங்கிள்" என்றார் கடைசியில். நேற்று வரை அண்ணன் என்றவர், எதனாலோ பள்ளிப் பையனாக ஆகிவிட்டார்.

அந்தோணி அண்ணன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி" என்றார். "பாலம்னு நெனச்சீங்க, சரி. படத்துல அப்டித் தெரிஞ்சிருக்கும். 'இறங்கித் தள்ளவும்'னு எதுக்கு எழுதுனீங்க?"

அவர் அதட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"போனவன் எழுதுன மாதிரி இருக்கட்டும்னு எழுதுனேன்."

"ம்" என்றார். "அதப் படிச்சிட்டுத்தான் நம்புனேன். போகாதவன் இத எழுத மாட்டானேன்னு."

முடிதிருத்துபவர் வாழைப்பழத் தோலை எங்கே போடுவது என்று தேடினார்.

பிறகு அந்தோணி அண்ணன் பேசத் தொடங்கினார். நாளைக்கு மச்சாப் ஊர்ப் பக்கம் பழைய வழியிலேயே போகலாம் என்றார். மிதிக்க முடியாது, குணாவின் காடியில் முன்னால் உட்கார்ந்து வழி சொல்கிறேன் என்றார். காடியைத் தன் மனைவி ஓட்டுவார் என்றார் குணா. அவசரமாக ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இருபது வருடம் போல அவர் முன்னால், மற்றவர்கள் பின்னால். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

"எங்க போறீங்க?" பிலோமினா அக்கா வாசலில் நின்றார்.

"கெளம்பறேன்க்கா."

"நல்லாருக்கே! மூணு நாளா நான் நடந்து போயி பக்கத்து ரெண்டு தெருவுக்குத்தான் குடுத்துட்டு வர்றேன். மத்த வீடெல்லாம் பசியாறக் காத்துக்கிட்டிருக்காங்க. நாளைக்கு இவரு காடில ஏறிப் போயிருவாரு. சைக்கிள் மிதிக்க யாரு இருக்கா?" என் காலைப் பார்த்தார். "பின்னாடி பைப்பு இருக்கு, கழுவிட்டு வந்து படுங்க. அஞ்சு மணிக்கு மாவு."

என் கைப்பேசியை எடுத்து, வீடுகள் எங்கெங்கே என்று குறித்துக்கொள்ளவா என்று அந்தோணி அண்ணனைக் கேட்டேன்.

"அத உள்ள வைங்க" என்றார். "காதால கேளுங்க." நாற்பது வீடு. மூலைவீட்டுச் சீனக் கிழவருக்குச் சர்க்கரை போடக் கூடாது. நீலக் கேட்டில் ஹாரன் அடிக்கக் கூடாது, குழந்தை தூங்கும். சுராவ் என்கிற தொழுகைக்கூடத்துக்குப் பின்னால் உள்ள வீட்டில் மலாய் அம்மா பாத்திரத்தைச் சுவர்மேல் வைத்திருப்பார், பத்து எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பெட்டியைக் கேரியரில் ஏற்றி, வாரைப் போட்டு இறுக்கினேன். இடியப்பத்தின் ஆவி முதுகில் சுட்டது. பெரிய சைக்கிள், கனம். முதல் தெருவில் இரண்டு முறை தள்ளாடினேன்.

முதல் வீட்டில் ஒரு தமிழ் அம்மா தட்டோடு வந்தார். "நீங்க யாரு? அந்தோணி எங்க?"

"கையில அடி."

"ஐயோ, எப்டி?"

"கீழ விழுந்துட்டாரு."

"நான் அப்பவே சொன்னேன், இந்த வயசுல என்னத்துக்கு சைக்கிளுன்னு. கண்ணும் தெரியாது அவருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

தெருவுக்கு வந்து ஒரு காலை மிதியில் வைத்தேன். வைத்த காலை எடுத்தேன். சைக்கிளைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அவரு கண்ணு நல்லாத்தாம்மா தெரியும்" என்றேன். "நான் போகாத வழிய, போயிருக்கேன்னு எழுதி வச்சிருந்தேன். அத நம்பிப் போயி விழுந்துட்டாரு. தப்பு என்னோடது."

அந்த அம்மா தட்டைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாவது வீட்டில் சீனக் கிழவர். சர்க்கரை போடவில்லை. அவர் கேட்டதும் தெரிந்த மலாயில் சொன்னேன். "நீயா?" என்று கேட்டார். நானா என்றால் நான்தான். மூன்றாவது வீட்டில் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

இன்னும் முப்பத்தேழு வீடு இருந்தது. ஹாரனை அமுக்கினேன்.